விடிந்தால் பேட்டரி காலி! ராத்திரியில் கரண்ட் திருடுவது யார்?

நெல்லை:

அதிகாலை 5 மணி. தெருவே தூங்குகிறது. வாசலில் வாடகைக் கார் நிற்கிறது. வாகைக்குளத்தில் விமானம் பிடிக்க வேண்டிய குடும்பம் பெட்டி படுக்கையோடு தயாராக இருக்கிறது. டிரைவர் சாவியைத் திருகுகிறார்.

"டிக்... டிக்... டிக்..."

அவ்வளவுதான்! செல்ப் எடுக்கவில்லை. முன் விளக்கு மின்மினிப் பூச்சி மாதிரி மினுங்கி அணைகிறது. பேட்டரி டவுன்!

நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளுகிறார்கள். சவாரிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கடைசியில் வேறு வண்டிக்குப் போன் போடுகிறார். அந்த வாடகையும் போச்சு. அடுத்த முறை அவர் கூப்பிடுவாரா என்பதும் சந்தேகம்.

நெல்லையிலும் பாளையிலும் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. முதல் நாள் மாலை வரை ஜோராக ஓடிய வண்டி, விடிந்ததும் செத்துக் கிடக்கிறது. உடனே பேட்டரி மீதுதான் எல்லோருக்கும் சந்தேகம். சில ஆயிரம் ரூபாயை எண்ணி வைத்துப் புது பேட்டரி வாங்கிப் போடுகிறார்கள்.

ஆனால் பல வழக்குகளில் பேட்டரி குற்றவாளியே அல்ல. களவு கொடுத்த பரிதாபத்துக்குரிய வீட்டுக்காரர்தான் அது! உண்மையான திருடன் காருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

2 மாதத்தில் புதுசும் அவுட்!

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வாடகைக் கார் டிரைவர். சொந்த வண்டி. கடனில் வாங்கியது. மாதா மாதம் தவணை கட்ட வேண்டும்.

ஒருநாள் காலையில் வண்டி எடுக்கவில்லை. பேட்டரிக்கு 3 வயது ஆகியிருந்தது. "ஆயுசு முடிஞ்சிட்டு" என்று அவரே தீர்ப்பு எழுதினார். பழசை எடைக்குப் போட்டார். புதுசு வாங்கினார்.

2 மாதம் ஓடியது. மறுபடியும் "டிக்... டிக்!"

கோபத்தோடு கடைக்குப் போனார். கடைக்காரர் பேட்டரியைக் கழற்றி ராத்திரி முழுதும் சார்ஜ் போட்டார். மறுநாள் சோதித்தார். "பேட்டரியில ஒரு கொறையும் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். டிரைவர் நம்பவில்லை. வாய்த் தகராறு முற்றியது. வேறு கம்பெனி பேட்டரி வாங்கப் புறப்பட்டார்.

போகிற வழியில் ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீசியன் அவரைத் தடுத்து நிறுத்தினார்.

"ஏ தம்பி, வீட்டுல அரிசி கொறையுதுன்னா பானையவா மாத்துவ? ஓட்டை எங்கன்னு பாக்க வேண்டாமா?"

அங்கேதான் விசாரணை தொடங்கியது.

அணையும் பேட்டரியும்

பாபநாசம் அணையின் உயரம் 143 அடி. நீர்வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று பத்திரிகையில் பார்க்கிறோம். வரத்தைவிட வெளியேற்றம் அதிகமானால் நீர்மட்டம் இறங்கும். இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

பேட்டரியும் ஓர் அணைதான். என்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரித்து உள்ளே அனுப்புவது ஆல்டர்னேட்டர். அதுதான் நீர்வரத்து. (பழைய வண்டிகளில் இருந்தது டைனமோ. பட்டறைகளில் இன்றும் பலர் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.) செல்ப் மோட்டார், விளக்கு, ஹாரன், ரேடியோ எல்லாம் பாசனக் கால்வாய்கள். மடையை மூடிய பிறகும் எங்கேயோ தண்ணீர் கசிந்தால்? விடியும்போது அணை வறண்டு கிடக்கும்.

ஆகவே பேட்டரி இறங்குவதற்கு 3 காரணம்தான் இருக்க முடியும். அணையே உடைந்திருக்கலாம். அதாவது பேட்டரி செத்திருக்கலாம். வரத்து நின்றிருக்கலாம். அதாவது சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். அல்லது திருட்டுக் கசிவு!

எது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன மீட்டர் போதும்.

முதல் சாட்சி: 12.6

12 வோல்ட் பேட்டரி என்று பெயர். ஆனால் முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. 12 என்றால் கால் பங்குதான் மிச்சம். 11.8 என்றால் மண் தெரியும் குளம்!

எலக்ட்ரீசியன் முதலில் டெர்மினலைப் பார்த்தார். பல வண்டிகளில் அங்கே வெள்ளையும் பச்சையுமாகப் பூ பூத்திருக்கும். கிளாம்பு கையால் ஆட்டினால் ஆடும். பேட்டரியில் கரண்ட் இருந்தும் வெளியே வராது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். செலவு சில ரூபாய்.

இந்த வண்டியில் டெர்மினல் சுத்தம்.

மீட்டர் 11.8 காட்டியது. பேட்டரியைக் கழற்றி நிதானமாகச் சார்ஜ் போட்டார். சில மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தார். 12.6! மறுபடி வண்டியில் மாட்டிச் சாவி திருகச் சொன்னார். செல்ப் சுற்றும்போதும் வோல்ட் 10-க்குக் கீழே இறங்கவில்லை. 9.6-க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரி மீது சந்தேகம்.

"பாத்தியா தம்பி, பேட்டரி நிரபராதி!"

என்ஜின் ஓடும்போது அளந்தார். 13.8 வோல்ட். சாதாரணமாக 13.8 முதல் 14.5 வரை இருக்கலாம். (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் சார்ஜ் ஏறும் புது மாடல்களில் இது கூடிக் குறையும்.) 13-க்குக் கீழே நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஆல்டர்னேட்டர் கெட்டிருக்கலாம். 15-ஐத் தாண்டினாலும் ஆபத்து. பேட்டரித் தண்ணீர் கொதித்தே வற்றிவிடும்.

ஆக, அணையும் சரி. வரத்தும் சரி. மிச்சம் இருப்பது திருட்டு!

ராத்திரி கண்காணிப்பு

பிறகுதான் சூடான கட்டம்.

சாவியை எடுத்தாயிற்று. எல்லாக் கதவும் மூடியாயிற்று. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அதற்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் மாட்டினார். பேட்டரியை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு சொட்டுக் கரண்டும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். செக்போஸ்ட் போட்ட மாதிரி!

இந்த நேரத்தில் சாவியைத் திருகக் கூடாது. செல்ப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். மீட்டர் பியூஸ் புகைந்துவிடும்.

உடனே கணக்கு எடுக்கவும் கூடாது. இந்தக் காலத்து வண்டிகளில் உள்ள கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக 20 நிமிடம் முதல் முக்கால் மணி வரை ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டும். ரிமோட் சாவியையும் வண்டியை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும்.

எல்லாம் தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் போனால் குற்றமில்லை. கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் அவ்வளவு வேண்டும்.

மீட்டர் எவ்வளவு காட்டியது தெரியுமா?

2.2 ஆம்பியர்!

அனுமதித்த அளவைப் போல 44 மடங்கு. வண்டியில் உள்ளது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. ராத்திரி 10 மணி நேரத்தில் 22 போய்விடும். மிச்சம் 13. அதை வைத்துக்கொண்டு செல்ப் எப்படி எடுக்கும்? பகலில் வண்டி ஓட ஓடச் சார்ஜ் ஏறிவிடுவதால் களவு வெளியே தெரியவில்லை.

சின்னத் திருடன் சிக்கினான்!

எலக்ட்ரீசியன் பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினார். எந்தப் பியூசை உருவும்போது மீட்டர் இறங்குகிறதோ, அந்த லைனில்தான் திருடன் இருக்கிறான்.

உள் விளக்கு பியூஸ். மீட்டர் அசையவில்லை.

டிக்கி விளக்கு இதில் பெயர் பெற்ற கேடி. டிக்கியை மூடிய பிறகும் உள்ளே விளக்கு எரிவது யாருக்கும் தெரியாது. 5 வாட் பல்புதான். ஆனால் ஒரு நாளுக்கு 10 ஆம்பியர்-மணி தின்றுவிடும். 2, 3 நாள் நிறுத்தினால் வண்டி எடுக்காது. செல்போன் கேமராவில் வீடியோவை ஓடவிட்டு, உள்ளே வைத்து டிக்கியைச் சாத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்! இந்த வண்டியில் அந்த விளக்கு ஒழுங்காக அணைந்தது.

ரேடியோ பியூஸ். அசையவில்லை.

அடுத்த பியூசை உருவியதும் மீட்டர் 2.2-லிருந்து 2 ஆனது. முன் கண்ணாடியில் மாட்டியிருந்த கேமரா! சாவியை அணைத்தால் அணைகிற லைனில் கொடுக்காமல், எப்போதும் கரண்ட் ஓடும் லைனில் யாரோ இணைத்துவிட்டார்கள். ஜி.பி.எஸ். கருவி, பாட்டுப் பெட்டி, கூடுதல் விளக்கு, ஏர் ஹாரன் எல்லாவற்றிலும் இதே தப்பு நடக்கிறது.

சின்னத் திருடன் பிடிபட்டான். பெரிய திருடன்?

கடைசிப் பியூஸ் வரை உருவியாயிற்று. மீட்டர் 2-லேயே நின்றது. டிரைவருக்கு முகம் வாடிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, பேயா பிசாசா?"

வேலியே பயிரை மேய்ந்தது!

எலக்ட்ரீசியன் சிரித்தார். பானெட்டுக்குள் கையை விட்டார். என்ஜினைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது. வண்டி நின்று பல மணி நேரம் ஆகிவிட்டது அல்லவா? பிறகு ஆல்டர்னேட்டரைத் தொட்டார்.

கதகதப்பாக இருந்தது!

"தம்பி, இங்க தொட்டுப் பாரு. எல்லாம் ஆறிக் கெடக்கு. இவன் மட்டும் ஏன் சூடா இருக்கான்?"

பேட்டரியை முழுதாகக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டருக்குப் போகும் தடித்த வயரை எடுத்து, முனையில் ரப்பர் சுற்றினார். (பேட்டரியைக் கழற்றாமல் இந்த வயரைத் தொடக் கூடாது. எப்போதும் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் பட்டால் நெருப்புப் பறக்கும்.) மறுபடி பேட்டரியை மாட்டி மீட்டரைப் பார்த்தார்.

0.03 ஆம்பியர். கசிவு நின்றது!

கரண்டைக் கொடுக்க வேண்டிய ஆல்டர்னேட்டரே ராத்திரியில் கரண்டைத் தின்றிருக்கிறது. அதற்குள் டயோடு என்று சில சின்னச் சாமான்கள் உண்டு. அவை ஒருவழி மடை. கரண்டைப் பேட்டரிக்குள் விடும், திரும்ப விடாது. சூட்டிலும் அதிர்விலும் டயோடு பழுதானால் மடை சரியாக மூடாது. என்ஜின் நின்றதும் பேட்டரிக் கரண்ட் பின்வாசல் வழியாகத் திரும்பி ஓடும். இந்தப் பாதை பியூஸ் பெட்டிக்குள் வராத பாதை. அதனால்தான் பியூஸ்களை உருவியும் அகப்படவில்லை.

டயோடு பிளேட்டை மாற்றினார்கள். கேமராவை வேறு லைனில் இணைத்தார்கள். ஆன செலவு, புது பேட்டரி விலையைவிடக் குறைவு.

ஊரடங்கும் வெள்ளமும்

2020 மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. வீட்டு வாசலில் வாரக்கணக்கில் கார்கள் அசையாமல் நின்றன. தளர்வு வந்து சாவியைத் திருகியபோது பல வண்டிகள் எழுந்திருக்கவில்லை. அவற்றில் திருடனே தேவையில்லை. குற்றமில்லாத 50 மில்லி ஆம்பியரே ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி எடுக்கும். 35-ஐ ஒரு மாதத்தில் துடைத்துவிடும். வெளியூர் போகிறவர்கள் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போனால் பிழைத்தார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பொங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் மழை. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏராளமான வாகனங்கள் தண்ணீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவிக் காயவைத்தால் மட்டும் வேலை முடியாது. வயர் இணைப்புக்குள் சேறு தங்கும். செம்பில் பச்சை பிடிக்கும். ரிலே ஒட்டிக்கொள்ளும். மாதங்கள் கழித்துக்கூடக் கசிவு தொடங்கலாம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பேரம் பேசும் முன் இந்தக் கசிவுச் சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது.

இதற்கு மேல் நம்ம ஊர் வெயில்! கோடையில் பாளையங்கோட்டையில் 100 டிகிரியைத் தாண்டுகிறது. பானெட்டுக்குள் அதைவிட அதிகம். குளிர் நாட்டில் குளிரில் செல்ப் எடுக்காமல் பேட்டரி மாட்டிக்கொள்ளும். இங்கே வெயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். உள்ளே ஈயத் தட்டுகள் வேகமாக அரிக்கும், தண்ணீர் வற்றும்.

டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் மட்டும் போய் வருகிற வண்டிக்கு இன்னொரு தொல்லை. ஈரடுக்கு மேம்பாலத்துப் பக்கம் நெரிசலில் ஏ.சி.யும் விளக்கும் போட்டு நின்றால் ஏறுவதைவிட இறங்குவதே அதிகம். வாரம் ஒருமுறையாவது அம்பை ரோட்டிலோ நாகர்கோவில் ரோட்டிலோ அரை மணி, முக்கால் மணி சீராக ஓட்ட வேண்டும்.

பீடி நெருப்பு பட்டால் வெடி!

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி பட்டால் போதும். பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடவே கூடாது. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும்.

அடுத்த வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கும்போதும் வரிசை முக்கியம். சிவப்பு வயரை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். அடுத்த முனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவ். கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டுங்கள். கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டக் கூடாது! அந்த வண்டியின் என்ஜின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி வரும். தலைகீழாக மாட்டினால் இரண்டு வண்டியின் கம்ப்யூட்டரும் காலி.

ஆசிட் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரமாவது கழுவுங்கள். உடனே கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மூடி திறக்கிற பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில் வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். ஆசிட் கூடாது. தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம். பேட்டரிக்கு விஷம்! அதில் உள்ள உப்புகள் தட்டுகளைக் கெடுத்துவிடும்.

மின்சாரக் காருக்கும் இதே கதி

ஈய பேட்டரியை 1859-ல் பிரான்சு நாட்டு கேஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில் செல்ப் மோட்டார் வந்தது. அதுவரை ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். ஹேண்டில் எதிர்த்து அடித்தால் கை எலும்பு முறியும். நம்ம ஊரிலும் பழைய அம்பாசடரை ஹேண்டில் போட்டுக் கிளப்பியவர்கள் இருக்கிறார்கள். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. ஹேண்டில் போட ஓட்டையும் போச்சு. இப்போது பேட்டரி செத்தால் வண்டி அசையாது. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளியும் கிளப்ப முடியாது.

2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்பாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. மின்சாரக் கார் வந்தால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதுதான் இல்லை. பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சுக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் கொடுக்க மின்சாரக் கார்களிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது செத்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் நகராது!

பழைய பேட்டரியை என்ன செய்வது?

உண்மையிலேயே ஆயுசு முடிந்த பேட்டரியைக் கொல்லையில் போட்டு உடைக்கக் கூடாது. உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் விஷம். ஆசிட்டை வாய்க்காலில் ஊற்றினால் நாலு பேர் குடிக்கிற ஆற்றுக்கும் வயலுக்கும்தான் போகும். பழைய பேட்டரிகளைத் திரும்ப எடுக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களுக்கு 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கொடுத்திருக்கின்றன. புதுசு வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

மறுநாள் காலை...

வேலை முடிந்த மறுநாள். மீண்டும் அதிகாலை 5 மணி. அதே வாசல். அதே டிரைவர். கடைக்காரர் "கொறை இல்ல" என்று திருப்பிக் கொடுத்த அதே பேட்டரி.

சாவியைத் திருகினார். ஒரே சுற்று. வண்டி கிளம்பியது!

முதல் வேலையாக பேட்டரிக் கடைக்குப் போய், சண்டை போட்டதற்கு வருத்தம் சொன்னார். அங்கிருந்து எலக்ட்ரீசியன் பட்டறைக்கு வந்தார். முகத்தில் சந்தோஷம் பாதி, கவலை பாதி.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். மொதல்ல எடைக்குப் போட்டனே, அந்தப் பழைய பேட்டரி?"

எலக்ட்ரீசியன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சார்ஜ் போட்டுப் பாத்திருந்தா இன்னும் ஒரு வருசம் ஓடியிருக்கலாம்."

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நல்ல பேட்டரியல்லா அண்ணாச்சி இரும்பு வெலைக்குப் போட்டுட்டேன்!"